டிஃபரன்ஷியல் பூட்டு வீட்டுக் கொட்டகைக்கு வந்த வரலாறு

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட நீண்ட பாதையைக் கடக்க வேண்டியிருப்பதால், இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் அவற்றுள் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இவ்விடரை நீக்குவதற்காக, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுத்து, எஞ்சினின் முறுக்குவிசையை இரண்டுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி உருவானது. பிரெஞ்சுப் பொறியாளர் ஒனேசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்தார். கவென்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் மூன்று சக்கர மிதிவண்டியில் பொருத்தினார். கார்ல் பென்ஸ் 1885இல் உருவாக்கிய மோட்டார் வண்டியிலும் அது இடம்பெற்றது.

ஆயினும் அந்தச் சமப் பங்கீட்டிலேயே அதன் குறையும் அடங்கியிருந்தது. ஒரு சக்கரம் சேற்றிலோ பாறைக்கு மேல் அந்தரத்திலோ பிடிமானமிழந்து வெறுமனே சுழலும்போது, அதைச் சுழற்ற எவ்வளவு அற்ப விசை போதுமோ அவ்வளவே மறுபக்கச் சக்கரத்துக்கும் கிடைப்பதால், உறுதியான தரையில் ஊன்றியிருக்கும் சக்கரம் அசையாமல் நிற்க, வண்டி சிக்கிக்கொள்கிறது. தேவைப்படும் நேரத்தில் இரு பக்கத் தண்டுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதே இதற்கு மாற்று என்பதை நீராவி இழுவை எஞ்சின்களைச் செய்தவர்கள் முன்னரே உணர்ந்து, முளையைச் செருகி டிஃபரன்ஷியலைப் பூட்டும் ஏற்பாட்டைத் தம் எஞ்சின்களில் அமைத்தனர். அதே ஏற்பாடு பின்னர் டிராக்டரில் காலால் மிதிக்கும் பெடலாக மாறியது. நடவுக்கு முன் சேற்றுழவு செய்யும் தமிழக டிராக்டர் ஓட்டுநர்களுக்கு அது நன்கு பழகிய ஒன்று.

பூட்டுடன் கூடிய டிஃபரன்ஷியலைச் சொந்தக் கொட்டகையில் தம் கையாலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் வேரூன்றிய இடம் அமெரிக்கா. அதற்கு வித்திட்டது ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. அவற்றின் நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயங்கினாலும், முன்னச்சிலும் பின்னச்சிலும் இருந்தவை பூட்டில்லாத டிஃபரன்ஷியல்களே. ஆகவே அச்சுக்கு ஒன்றாக இரு சக்கரங்கள் பிடிமானமிழந்தால் வண்டி நின்றுவிடும். போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1953இல் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து சியரா நெவாடா மலையின் ரூபிகான் பாதை வழியே நடந்த முதல் ஜீப்பர்ஸ் ஜம்போரி பயணத்தில் 55 வண்டிகள் கலந்துகொண்டன. இத்தகைய பாறைப் பாதைகளில்தான் ஜீப்பின் அந்தக் குறை பலருக்கும் நேரடியாகத் தெரியவந்தது.

இவ்வண்டிகளின் உரிமையாளர்கள் முதலில் கையாண்ட வழி முரட்டுத்தனமானது. டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்னும் சிறு பல்சக்கரங்களையும், சக்கரத் தண்டுகளைத் தாங்கும் சன் கியர்களையும் வெல்டிங் செய்து ஒரே கட்டியாக்கிவிடுவர். வெல்டிங் இயந்திர நிறுவனத்தின் பெயரால் இதற்கு லிங்கன் லாக்கர் என்ற வழக்குப் பெயரும் உண்டாயிற்று. செலவு மிகக் குறைவு என்றாலும், பெக்கர் முதலானோர் தீர்த்துவைத்த இடர் முழுவதும் இதனால் திரும்ப வந்தது: தார்ச்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்தது, தண்டுகள் முறுக்குண்டு உடைந்தன.

இதனினும் நுட்பமான விடை, டெட்ராய்ட் லாக்கர் எனப் பின்னர் புகழ்பெற்ற நோஸ்பின் என்னும் தானியங்கிப் பூட்டு. நேராகச் செல்லும்போது இரு தண்டுகளையும் பூட்டி வைத்திருக்கும் இது, திருப்பத்தில் வெளிச்சக்கரம் முந்தும்போது அந்தப் பக்கத்தை மட்டும் தானே விடுவித்துவிடும். ஆனால் இதைப் பொருத்த வேண்டுமெனில் டிஃபரன்ஷியலின் கூட்டையே மாற்ற வேண்டும். கூட்டோடு போல்ட்டால் இணைக்கப்பட்ட கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்தையும் கழற்றிப் புதிய கூட்டில் ஏற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைக் கிரவுனுக்குக் கடத்தும் சிறிய பல்சக்கரமான பினியனை அசைக்காவிட்டாலும், கிரவுனை அதற்கு எதிரே மீண்டும் துல்லியமாக நிறுத்தியாக வேண்டும். இரண்டின் பற்களுக்கும் இடையே விடப்படும் இடைவெளியான பேக்லாஷ் பல அச்சுகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரைதான். அதை டயல் கேஜால் அளந்து, பேரிங்குக்குப் பக்கத்தில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய வேண்டும். பேரிங்குகள் தளர்ந்துவிடாதபடி அவற்றின்மீது முன்கூட்டியே உரிய அழுத்தமும் இருக்க வேண்டும். பிறகு பற்களில் சாயப்பசையைத் தடவிச் சுழற்றி, பல்லின் நடுவே தடம் விழுகிறதா, ஓரத்துக்கு ஒதுங்குகிறதா என்று பார்த்து, ஒதுங்கினால் மீண்டும் பிரித்து ஷிம்மை மாற்ற வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் கிரவுன் கூச்சலிடும், நாளடைவில் பற்கள் சிதையும் என்பதால், இவ்வேலை நெடுங்காலம் தேர்ந்த மெக்கானிக்குகளின் கையிலேயே இருந்தது.

இந்நிலையை மாற்றியது, லஞ்ச்பாக்ஸ் லாக்கர் என்று அழைக்கப்படும் எளிய செருகல் வகை. இவ்வரலாற்றில் மிகுந்த பாராட்டுக்குரியது இதுவே எனலாம்; ஏனெனில் இதை வடிவமைத்தவர்கள் கிரவுனையும் பினியனையும் தொடாமல், பழைய கூட்டின் வயிற்றுக்குள்ளேயே பூட்டை அடக்கினர். கூட்டின் நடுவே செல்லும் குறுக்குத் தண்டை உருவி, ஸ்டார் பினியன்களையும் சன் கியர்களையும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பல் வைத்த துண்டுகளைச் சிறு ஸ்பிரிங்குகளோடு அடுக்கினால் போதும். எஞ்சின் விசை குறுக்குத் தண்டைத் தள்ளும்போது, அது சரிவான பள்ளங்களில் அழுந்தி நடுத் துண்டுகளை இருபுறமும் விலக்க, அவற்றின் பற்கள் தண்டுகளில் ஏறிய வெளித் துண்டுகளின் பற்களோடு கோத்துக்கொள்கின்றன. வெளிச்சக்கரம் முந்தும்போது அப்பக்கத்துப் பற்கள் ஸ்பிரிங்கை அமுக்கி ஒன்றன்மேல் ஒன்று தாவிச் செல்கின்றன. திருப்பங்களில் கேட்கும் டிக் டிக் ஒலி அதனால் எழுவதுதான். துண்டுகளுக்கு இடைப்பட்ட இடைவெளி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்ப்பதே பொருத்துபவரின் முதன்மையான சோதனை. பூட்டின் வலிமை பழைய கூட்டின் வலிமைக்கு உட்பட்டதே என்பது இவ்வகையின் நியாயமான வரம்பு.

இதை முன்னச்சில் பொருத்துவோருக்கு அமெரிக்கரான ஆர்தர் வார்னின் பழைய கண்டுபிடிப்பும் துணைநின்றது. உபரி ஜீப்புகளுக்கென 1948இல் அவர் தயாரிக்கத் தொடங்கிய ஹப், முன்சக்கரங்களை அவற்றின் தண்டுகளிலிருந்து கையால் திருகித் துண்டிக்க வழிசெய்தது. ஹப்பை விடுவித்துவிட்டால், பூட்டு உள்ளே இருந்தாலும் சாலையில் ஸ்டீயரிங்கை அது பாதிக்காது.

ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் பூட்டும் வகை வேறொரு வழியில் வளர்ந்தது. ஜெர்மனியில் வேளாண் வண்டியாக 1948இல் உற்பத்திக்கு வந்த யூனிமாக்கில் அத்தகைய பூட்டு தொழிற்சாலையிலேயே இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் லாக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுவிட்சை அழுத்தினால் கம்ப்ரஸரின் காற்று பிஸ்டனைத் தள்ளி சன் கியரைக் கூட்டோடு பிணைக்கும். ஆனால் இதிலும் கூடு முழுவதும் மாறுவதால், டயல் கேஜும் ஷிம்மும் சாயப்பசையும் மீண்டும் தேவைப்பட்டன. காற்றுக்குழாய் நுழைய அச்சின் உறையில் துளையிட்டு மரையும் வெட்ட வேண்டியிருந்தது. இவற்றையும் கற்று வீட்டிலேயே செய்து முடித்தவர்கள் பலர்.

ஜீப் தயாரிப்பாளர்கள் இவ்வழக்கத்தைப் பின்பற்றியது மிகத் தாமதமாகத்தான். 2003ஆம் ஆண்டு மாடலாக வந்த ராங்லர் ரூபிகானில் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும், தாழ்நிலை கியரில் மட்டும் செயல்படும் காற்றழுத்தப் பூட்டுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. 55 ஜீப்புகள் ஜார்ஜ்டவுனிலிருந்து புறப்பட்டு அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.