அவலாஞ்சியிலிருந்து நாலு மடக்கு

கோவையில் ஏப்ரல் மாத மாலை ஐந்து மணி. பிக்கிள்பால் திடலின் தரையில் இன்னும் சூடு அடங்கவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டு வந்தவர் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடிக்கிறார். நாலே மடக்கு. அந்த நீர் அவர் தொண்டைக்கு வந்து சேர எட்டு மாதம்கூட ஆகியிருக்கலாம்.

அது பில்லூர் அணைத் தண்ணீர் என்றால், அதன் பிறப்பிடம் நீலகிரியின் மேற்கு ஓரம். அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி என்று மலை விளிம்பு நீளும் இடம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து சுமந்து வரும் மழையை அங்கே இறக்கிவைக்கும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. பல ஊர்களுக்கு அது ஒரு வருட மழை.

கொட்டிய மழை அன்றே ஓடி மறைந்திருந்தால் ஏப்ரலில் நமக்கு மிச்சமிருக்காது. பிடித்துவைப்பவை மலைப் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும், பள்ளங்களில் கிடக்கும் கறுத்த சதுப்பும். நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் ஓடைகளில் கசியவிடுகின்றன. அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியைத்தான் சீகையும் கற்பூர மரமும் நட்டு மூடினோம். உதகை மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தது. ஒன்றில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் கற்பூர மரம் நட்டதும், முதல் பத்தாண்டில் அங்கிருந்து வெளிவரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. தாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

ஓடையில் இறங்கிய நீருக்கு அடுத்தது உழைப்பு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு உருவான குந்தா மின் திட்டம் அதற்கு ஒரு படிக்கட்டையே கட்டிவைத்திருக்கிறது. அப்பர் பவானி அணையிலிருந்து வரும் நீருக்கு முதல் வேலை ஐந்தாம் எண் மின்நிலையத்தில். அங்கிருந்து அவலாஞ்சி, எமரால்டு என்ற இரட்டை நீர்த்தேக்கம். பிறகு குந்தா, கெத்தை, பரளி. மஞ்சூரிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து தலைசுற்ற இறங்கும் அதே சரிவில், இரும்புக் குழாய்க்குள் நீர் விழுந்து விழுந்து சக்கரம் சுற்றுகிறது. கடைசியில் பில்லூர் அணை. 2,200 மீட்டருக்கு மேல் கிளம்பியது, சுமார் 400 மீட்டர் உயரத்தில் இளைப்பாறுகிறது.

இங்கே வழி பிரிகிறது. ஒரு பங்கு அணையடி மின்நிலையத்தையும் சுற்றிவிட்டு மேட்டுப்பாளையம், பவானிசாகர் வழியாகக் கூடுதுறையில் காவிரியைத் தொடும். இன்னொரு பங்கு வெள்ளியங்காட்டில் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே கோவைக்கு வரும். கோவைக்காரர்கள் தங்கள் இன்னொரு குடிநீரான சிறுவாணியின் ருசியைச் சொல்லிச் சொல்லி ஓயமாட்டார்கள். பில்லூர்த் தண்ணீருக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

இனி உடம்புக்குள் போகிற வழி. குடித்த நீரின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் ஏறுகிறது. கொஞ்சம் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் குடல் சுவர் அவற்றை ஒன்றாக உள்ளே இழுக்க, நீரும் கூடவே போகும். உப்புச் சர்க்கரைக் கரைசல் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது இந்த ஒரே காரணத்தால்தான். ரத்தத்திலிருந்து தோலுக்கு வந்து வியர்வையாகி, ஒரு லிட்டர் முழுதாக ஆவியானால், சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். புழுக்கமான நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். நீர் போய்விடும், உடம்பு குளிராது. மிகவும் ஆபத்தான வேளை அதுதான்.

பிக்கிள்பால் திடல் 44 அடிக்கு 20 அடி, இரட்டையர் இறகுப்பந்துத் திடலின் அளவேதான். ஓட்டம் குறைவு என்பதால் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஆசையாக வருகிறார்கள். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும் என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதும் தவறு. ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் உப்புப் போட்ட நீர்மோரோ, எலுமிச்சைச் சாறோ நடுவில் வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்.

கோடைக்கு மலையேறி உதகையிலோ குன்னூரிலோ ஆடுகிறவர்களுக்கு வேறு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்று குளிர்ந்திருப்பதால் தாகமே எடுக்காது. வறண்ட நாளில் வியர்வை கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரோ சமவெளியைவிடக் கடுமை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, நல்ல தடை. சாலையோரத்தில் வாட்டர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். எவர்சில்வர் பாட்டிலோடு ஏறினால் போதும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வீட்டிலுள்ள எடை பார்க்கும் கருவியே சொல்லும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏறி நில்லுங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் நீர் போயிருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே கால் தளரும், கணிப்புத் தவறும். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மட்டையை எடுப்பதற்கு முன்பே ஒரு டம்ளர் குடித்துவிடுங்கள்; பிறகு பக்கம் மாறும்போதெல்லாம் இரண்டு மடக்கு.