பெற்றோர் விடுப்பு (சுவீடன்)

சுவீடனின் பெற்றோர் விடுப்பு என்பது, குழந்தையைப் பராமரிப்பதற்காகத் தாயும் தந்தையும் தமக்கு ஏற்ற காலத்தில், ஏற்ற அளவில் பிரித்து எடுத்துக்கொள்ளக்கூடிய, கொடுப்பனவுடன் கூடிய விடுப்பு முறை ஆகும். தாய்மாருக்கு மட்டும் உரியதாக இருந்த மகப்பேற்று உதவிக்கு மாற்றாக இது 1974 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. இவ்வாறு மாற்றிய முதல் நாடு சுவீடன் ஆகும்.

வரலாறு

தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்கள் மகப்பேற்றின் பின் நான்கு வாரங்கள் வேலை செய்வதை 1900 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் அக்காலத்துக்கு ஊதியம் வழங்கப்படவில்லை. கருவுற்றதைக் காரணம் காட்டிப் பெண்களைப் பணிநீக்கம் செய்வது 1939 இல் தடை செய்யப்பட்டது. 1955 இல் மூன்று மாத மகப்பேற்று உதவி நடைமுறைக்கு வந்தது. 1974 இல் 180 நாட்களாக இருந்த பெற்றோர் விடுப்புக் கொடுப்பனவு படிப்படியாக நீட்டிக்கப்பட்டு, 2002 முதல் 480 நாட்களாக உள்ளது.

நடைமுறை

480 நாட்களில் 390 நாட்களுக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு வழங்கப்படுகிறது. எஞ்சிய 90 நாட்களுக்கு நாளொன்றுக்கு 180 குரோனா கிடைக்கும். தொடக்க காலத்தில் வருமான அடிப்படையிலான தொகையைப் பெற, குழந்தை பிறக்குமுன் தொடர்ந்து 240 நாட்கள் வருமானம் ஈட்டியிருக்க வேண்டும். எனவே பெண்கள் முதலில் வேலையில் அமர்ந்து, பின்னர் குழந்தை பெறுவதற்கு இவ்விதி தூண்டுதலாக அமைகிறது.

முழு நாள், முக்கால், அரை, கால், அரைக்கால் நாள் என்ற அளவுகளில் கொடுப்பனவைப் பெறலாம். எடுத்துக்காட்டாக, எட்டு மணி நேர வேலைநாளில் இரண்டு மணி நேரம் மட்டும் விடுப்பு எடுப்பவருக்கு ஒரு நாள் கொடுப்பனவு நான்கு வேலைநாட்களுக்குப் போதுமானதாகும். குழந்தைக்கு 12 வயது ஆகும்வரை இந்நாட்களைப் பயன்படுத்தலாம். எனினும் நான்கு வயதுக்குப் பின்னர் 96 நாட்களை மட்டுமே பயன்படுத்த முடியும். 2024 சூலை முதல், பெற்றோர் ஒவ்வொருவரும் 45 நாட்கள் வரை பாட்டி, தாத்தா போன்ற பிறருக்கும் மாற்றிக் கொடுக்கலாம்.

இக்கொடுப்பனவைச் சமூகக் காப்புறுதி முகமை வழங்குகிறது. இதற்கான நிதிக்கு எல்லா நிறுவனங்களும் தம் ஊழியர்களின் மொத்த ஊதியத்தின் அடிப்படையில் பங்களிக்கின்றன. இதனால், பெண்ணொருவரைப் பணியில் அமர்த்தும் நிறுவனம் அவரது விடுப்புக் கொடுப்பனவைத் தனியே சுமக்க நேர்வதில்லை.

பணிபுரியும் பெண்கள் மீதான விளைவுகள்

வேலையை விட்டு விலகாமலே குழந்தையை வளர்க்க இம்முறை வழி செய்கிறது. பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம் உயர்ந்துள்ள ஐரோப்பிய நாடுகளுள் சுவீடன் ஒன்றாக இருப்பதற்குப் பொதுக் குழந்தைக் காப்பகங்களோடு இவ்விடுப்பும் காரணமாகக் கருதப்படுகிறது.

மறுபுறம், நெகிழ்வுத்தன்மை மட்டும் சமத்துவத்தைத் தரவில்லை. 1974 இல் ஆண்கள் எடுத்த நாட்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 0.5 விழுக்காடே. விருப்பத்துக்கு விடப்பட்டபோது, பெரும்பாலான குடும்பங்களில் தாயே நீண்ட விடுப்பு எடுத்து, பின்னர் பகுதிநேர வேலைக்குத் திரும்பினார். இது பெண்களின் ஊதிய உயர்வையும் ஓய்வூதியத்தையும் பாதிக்கிறது.

இதனைச் சரிசெய்ய, மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க இயலாத 30 நாட்கள் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 1995 இல் ஒதுக்கப்பட்டன. இவ்வொதுக்கீடு 2002 இல் 60 நாட்களாகவும், 2016 இல் 90 நாட்களாகவும் உயர்த்தப்பட்டது. தந்தை பயன்படுத்தாவிடில் அவருக்குரிய நாட்களைக் குடும்பம் இழக்கும். இதன்பின் ஆண்களின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்துள்ளது. எனினும் எஞ்சிய நாட்களில் பெரும்பகுதியைத் தாய்மாரே எடுத்து வருகின்றனர்.