அப்பா போன்ல எப்படிப் பேசுறது?

"கவுன்சலிங்"னா நம்ம ஊர்ல இன்ஜினியரிங் சீட்டுதான் ஞாபகம் வரும். அது 2018-லயே ஆன்லைன் ஆயிடுச்சு. இன்னைக்குப் பேசப்போறது இன்னொரு கவுன்சலிங்: மனசு ஒடைஞ்ச மாணவர்கிட்ட தூரத்துல இருந்து பேசுறது.

இது புது யோசனை இல்ல. 1953-லயே லண்டன்ல சாட் வரா என்கிற பாதிரியார், தற்கொலை எண்ணம் வந்தவங்க கூப்பிட ஒரு போன் நம்பர் கொடுத்தார். சென்னையில 1986-ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வை ஆரம்பிச்சாங்க. பள்ளி மாணவர்களுக்காக 2013-ல தமிழக அரசு நடமாடும் ஆலோசனை வேன்களை விட்டுச்சு. மொத்தமே 10 வேன், ஆனா அப்போ 32 மாவட்டம். அதோட, எல்லாரும் பார்க்க வேன்ல ஏறணும். எந்தப் பையன் ஏறுவான்?

அதே வருஷம் டிசம்பர்ல 104 வந்துச்சு. ரிசல்ட் சமயத்துல பசங்க கூப்பிட்டாங்க. 2018-ல பள்ளிக் கல்வித் துறையோட 14417. 2021 செப்டம்பர்லதான் திசை மாறுச்சு. நீட் எழுதின 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அரசே போன்ல கூப்பிட்டுப் பேச ஆரம்பிச்சது. மாணவன் கூப்பிடட்டும்னு காத்திருக்காம தேடிப் போனது, என்னைக் கேட்டா, இந்த வரலாற்றுலயே பெரிய அப்டேட்.

ஆனா அந்த நம்பர் யாரோடது? நிறைய வீட்டுல அப்பாவோடது. அப்பாதான் எடுப்பார். அவர் பக்கத்துல நிக்கும்போது "பயமா இருக்கு"ன்னு எந்தப் பொண்ணு சொல்லும்? சாப்ட்வேர்காரன் பாஷையில சொன்னா, யூசர் ஒருத்தர், அக்கவுண்ட் இன்னொருத்தர் பேர்ல. வாட்ஸ்அப், வீடியோ கால்னு எது வந்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

நான் விருத்தாசலத்துக்காரன். 2014-ல ப்ளஸ் டூ. ரிசல்ட் அன்னைக்கு என் நண்பன் பிசிக்ஸ்ல போயிட்டான். அவன் வீட்டுல ஒரே போன். அதுவும் செராமிக் சூளையில நைட் ஷிப்ட் பார்க்குற அப்பா சட்டைப் பையில. அதனால மணிமுத்தாறு பாலத்துல நின்னு என் போன்ல 104-க்குப் பேசினான். நான் கொஞ்சம் தள்ளி நின்னேன். இருபது நிமிஷம் இருக்கும். முடிச்சதும், கால் லாக்ல 104-ஐ அழிச்சிட்டுத்தான் போனைக் கொடுத்தான். என்கிட்டயே.

இப்போ 14416 இருக்கு, 2022-ல வந்தது. 24 மணி நேரமும் இலவசம். தம்பி தங்கச்சி யாராவது கேட்டா போனைக் கொடுத்துட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க.