இன்ஜின் தட்டும் ஓசை: பழைய லாரிகளில் கோளாறு கண்டறிந்த வரலாறு

இன்ஜினில் ‘டக் டக்’ என்று தட்டும் ஓசை இரண்டு காரணங்களால் எழும். சிலிண்டருக்குள் எரிபொருள் முறைதவறி எரியலாம். அல்லது தேய்ந்துபோன பேரிங்கோ பின்னோ பிஸ்டனோ இடைவெளியில் ஆடி மோதலாம். முதல் வகைக்கு டைமிங்கைத் திருத்துவதோ எரிபொருளை மாற்றுவதோ பெரும்பாலும் போதும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். எது எது என்று தெரியாமல் இன்ஜினைப் பிரித்துப் போட்ட செலவுதான் கோளாறு கண்டறியும் தொழிலை வளர்த்தது.

1917இல் ஃபோர்டு வெளியிட்ட ஒரு டன் ‘மாடல் டிடி’ லாரியில், காரில் இருந்த அதே நான்கு சிலிண்டர் இன்ஜின்தான். அதில் ஆயில் பம்ப் கிடையாது. ஃபிளைவீல் வாரி இறைக்கும் ஆயில்தான் பேரிங்குகளுக்கு உயிர். நீண்ட ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியபடி ஏறும்போது ஆயில் பின்னால் ஒதுங்கிவிடும். முன்னால் இருக்கும் முதல் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் காய்ந்து தட்டத் தொடங்கும். பேரிங்கில் உருக்கி ஊற்றியிருந்த வெள்ளை உலோகம் மென்மையானது. தேய்ந்தால் பேரிங் மூடியின் விளிம்பை அரத்தால் சற்றே ராவி இறுக்கிக்கொள்ளலாம்.

சோதனைக்கான கருவியும் அந்த வண்டியிலேயே இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த நெம்புகோலை நகர்த்தி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தலாம். ஓசை உடனே அடங்கினால் அது எரிதலின் கோளாறு. அடங்காவிட்டால் சந்தேகம் உலோகத்தின் பக்கம் திரும்பும். டிரைவர் முன் இருந்த காயில் பெட்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். அவற்றில் அதிரும் நாக்கை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினால் அந்தந்த சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். எதை அழுத்தியும் இன்ஜின் ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே ‘மிஸ்’ ஆகிறது. எதை அழுத்தும்போது தட்டல் குறைகிறதோ, அங்கே ராடு பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒரு சிலிண்டரை நிறுத்திப் பார்க்கும் இந்தச் சோதனை பின்னர் வந்த எல்லா இன்ஜின்களிலும் வேறு வேறு உருவில் தொடர்ந்தது.

எரிதலால் வரும் தட்டல் ஏன் வருகிறது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 1912இல் கேடிலாக் காரில் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டரும் பேட்டரி இக்னிஷனும் வந்தபோது, பழி முழுவதும் அந்தப் புது இக்னிஷன் மேல் விழுந்தது. கெட்டரிங் அதை ஒப்பவில்லை. 1916இல் தன் உதவியாளர் தாமஸ் மிட்ஜிலியிடம் ஆய்வை ஒப்படைத்தார். சிலிண்டருக்குள் அழுத்தத்தைப் பதிவுசெய்த மிட்ஜிலி, ஸ்பார்க்குக்கு முன்பே தீ பற்றும் கோளாறு அல்ல இது, பற்றிய பிறகு அழுத்தம் திடீரென எகிறுவதே காரணம் என்று கண்டார். இங்கிலாந்தில் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோவும் இரண்டையும் பிரித்துக் காட்டினார். சிவப்பு நிறம் கலந்தால் எரிபொருள் சூட்டை முன்னதாக ஈர்க்கும் என்று ஊகித்த மிட்ஜிலி, சாயம் கிடைக்காமல் அயோடினைக் கலந்தார், தட்டல் நின்றது. வேறு சிவப்புச் சாயங்கள் பலிக்கவில்லை. ஊகம் தவறு, முடிவு மட்டும் சரி.

1921 டிசம்பரில் அவர் குழு கண்டெடுத்தது டெட்ரா எத்தில் ஈயம். சிறிதளவே போதும், தட்டல் மறையும். 1923இல் விற்பனை தொடங்கியது. 1924இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் இந்த நஞ்சால் இறந்தனர். இன்ஜினின் ஒரு நோயைத் தீர்க்க, மக்கள் சுவாசிக்கும் காற்றிலும் ஈயம் கலந்தது. இந்திய பெட்ரோல் பங்க்குகளில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் முடிவுக்கு வந்தது; உலகிலேயே கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் நின்றது. பெட்ரோலின் தட்டல் தாங்கும் திறனை அளக்க கிரஹாம் எட்கர் 1926இல் முன்வைத்த ஆக்டேன் அளவு மட்டும் இன்றும் நிற்கிறது.

டீசல் லாரி வந்ததும் கணக்கு தலைகீழானது. டீசல் இன்ஜினில் எரிபொருள் தெளிக்கப்பட்டு, சற்றுத் தாமதித்துத் தானே பற்ற வேண்டும். தாமதம் நீண்டால் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரேயடியாக வெடிக்கும். அதுவே டீசலின் தட்டல். பெட்ரோலில் தட்டலைத் தடுக்கும் குணம் டீசலில் தட்டலை வளர்க்கும். டேங்கில் தவறிப்போய் பெட்ரோல் கலந்துவிட்டால் லாரி கடகடவென்று அடிப்பது இதனால்தான். ஜெர்மனியில் மான் நிறுவனமும் பென்ஸும் 1920களின் நடுவில் டீசல் லாரிகளைக் கொண்டுவந்தன. 1927 இறுதியில் போஷ் நிறுவனம் டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே இந்த வண்டிகள் பரவின.

இந்தியாவில் அந்தப் பம்புகளைச் செய்த மைகோ 1951இல் தொடங்கியது. லாரி செய்ய டெல்கோ 1954இல் டைம்லர்-பென்ஸுடன் கைகோர்த்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. இந்த லாரிகளைப் பழுதுபார்த்த பட்டறைகளில் கருவிகள் எளியவை. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். காயில் பெட்டியில் விரல் வைத்த இடத்தில், இங்கே ஸ்பானர்: ஓடும் இன்ஜினில் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி டீசலை வெளியே விடுவார்கள். தட்டல் அத்தோடு அமுங்கினால் அந்த சிலிண்டரின் நாசில் ஒழுகுகிறதா, ராடு பேரிங் போயிற்றா என்ற கேள்வி வரும். நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப்போட்டால் விடை கிடைக்கும். தட்டலும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி நாசில்.

எல்லா சிலிண்டரும் ஒன்றுபோல் கடுமையாக அடித்தால் பம்ப் டைமிங் முந்தியிருக்கலாம். ஓட்டம் ஏறி இறங்கி, மிஸ் ஆனால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் தட்டி, சூடானதும் குறைவது பெரும்பாலும் லைனருக்குள் ஆடும் பிஸ்டன். பாரத்தோடு ஏறும்போது அடியிலிருந்து மந்தமாக இடித்தால் மெயின் பேரிங். மேலே விடாமல் ‘டிக் டிக்’ என்றால் டாப்பட் இடைவெளி. அதற்கு வண்டியை நிறுத்த வேண்டிய அவசரமில்லை. பேரிங் சந்தேகம் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. ஆயில் அழுத்தம் இறங்கியிருக்கிறதா, வடித்த ஆயிலில் மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிகிறதா என்று பார்த்த பிறகே இன்ஜினைப் பிரிப்பது வழக்கமானது.

பெட்ரோல் இன்ஜினில் தட்டலைக் கேட்கும் சென்சார் 1978இல் பியூக்கின் டர்போ கார்களில் வந்தது. அதிர்வை உணர்ந்து ஸ்பார்க்கைத் தானே தாமதப்படுத்தியது. டீசலில் பெரிய மாற்றம் காமன் ரெயில். 1995இல் ஹினோ லாரியில் டென்ஸோ அமைத்த இந்த முறையில், இன்ஜின் ஓடும்வரை குழாயில் உயர் அழுத்தம் நிற்கும், அது ஆயிரம் பாரைத் தாண்டவும் கூடும். அங்கே நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆகவே பழைய சோதனைக்கு முழுத் தடை. ஸ்கேனரை மாட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் கம்ப்யூட்டர் வழியே நிறுத்தி வேகம் எவ்வளவு விழுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஸ்கேனர் அளப்பது எரிதலைத்தான். தேய்ந்த பேரிங்குக்கு அதில் பெரும்பாலும் எந்தப் பிழைக் குறியீடும் பதிவாவதில்லை. அதற்கு இன்னும் ஆயிலை வடித்தும் காதால் கேட்டும்தான் பார்க்கிறார்கள்.