கமுதிக் கோவில் வழக்கும் ஒரு நம்பிக்கை மீறலும்

ஆலய நுழைவு என்றதும் நம் நினைவுக்கு வருபவை வைக்கமும் மதுரையும்தான். அவற்றுக்கு முன்பே நடந்த கமுதி வழக்கை நாம் அதிகம் பேசுவதில்லை. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்ல ஊக்கமும் பொருளும் தந்து உதவியவரும் இதே சேதுபதிதான்.

நாடார் தரப்பு தமக்கு நுழைவுரிமை உண்டு என்பதற்கு முன்வைத்த வாதம், தாம் சத்திரிய மரபினர் என்பது. மனிதர் அனைவரும் சமம் என்ற பேச்சுக்கு அன்றைய நீதிமன்றத்தில் இடமிருக்கவில்லை; மேல்படியில் தமக்கும் ஓர் இடம் கேட்பது ஒன்றே வழி. இதை இன்று குறையாகச் சொல்வது எளிது. ஆனால் எதிர்த்தரப்பு கையில் வைத்திருந்ததும் படிக்கட்டுதானே! கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம் என்று ஒவ்வொரு சாதிக்கும் நிற்குமிடம் வகுத்து, கடைசிப் படியினர் கோபுர தரிசனத்தோடு அமைய வேண்டும் என்கிறது நிர்வசன பத்ததி என்னும் நூல். 1899இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிவகாசிக் கலவரம் நடந்ததும் அதே ஆண்டில்தான்.

இதற்குப் பின் நடந்ததே நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது சேதுபதி மனம் மாறி, நாடார்களுடன் சமரசத்துக்கு இசைந்தார். உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகமமும் வழக்கமும் அனுமதிக்காதவர்களை உள்ளே விட ஒப்புவது, அறங்காவலர் செய்யும் நம்பிக்கை மீறல் என்றது. 1908இல் பிரிவி கவுன்சிலும் இதையே உறுதிசெய்தது. அப்போது சேதுபதி உயிரோடு இல்லை. மதத்தில் தலையிடுவதில்லை என்று அறிவித்திருந்த ஓர் ஆட்சியின் நீதிமன்றம், கோவிலுக்குப் பொறுப்பானவரே தளர்த்த முன்வந்த வழக்கத்தைத் தளர்த்தக்கூடாது என்று தடுத்தது. வழக்கம் என்பது காலந்தோறும் நெகிழ்ந்து வந்த ஒன்று. அதைக் கல்லில் பொறித்தது லண்டன்.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அதற்குத் துணைநின்றார். அவ்வாண்டு இராஜாஜி அரசு இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேச அனுமதியுடன் 'இழப்புக் காப்பு' என்பதும் சேர்ந்திருந்தது. கதவு திறந்த அறங்காவலரையும் அதிகாரியையும் வழக்கிலிருந்து காக்கச் சட்டமே தேவைப்பட்டதென்றால், கமுதித் தீர்ப்பின் நிழல் எவ்வளவு நீளமானது என்று பாருங்கள்.

அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்த பிறகும் இந்த வாதம் ஓயவில்லை. மூல்கி வேங்கடரமணர் கோவில் தங்கள் சமூகத்துக்கே உரியது என்று கௌட சாரஸ்வதர்கள் தொடுத்த வழக்கில், 1957இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர்; தீட்சிதர் கிருதிகளில் தோய்ந்த சங்கீத அறிஞரும்கூட. கோவிலுக்குள் யார் நுழையலாம் என்பதும் மதம் சார்ந்த விஷயமே என்று அவர் ஒப்புக்கொண்டார். அதற்குச் சான்றாக அவர் எடுத்தாண்டவற்றுள் கமுதி வழக்கும் ஒன்று. ஆனால் இந்துக்கள் அனைவருக்கும் கோவிலைத் திறந்துவிடும் சட்டத்துக்கு அந்த மத உரிமை கட்டுப்பட்டது என்றார். குறிப்பிட்ட சில சடங்குகளின்போது மட்டும் பிறரை விலக்கி வைக்க அச்சமூகத்துக்கு அனுமதி தந்தார்.