ராஜாவிடம் மறைத்த நோய்

1951 செப்டம்பர் 23. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஓர் அறையையே ஆபரேஷன் தியேட்டராக மாற்றி, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இடது நுரையீரலை எடுத்தார்கள். அறுவை செய்தவர் கிளமென்ட் பிரைஸ் தாமஸ். உள்ளே இருந்தது புற்றுநோய். மருத்துவர்களுக்கு அது தெரியும். நாட்டுக்குச் சொன்னது நுரையீரலில் 'அமைப்பு மாற்றங்கள்' என்று மட்டும். மன்னரிடமோ, மூச்சுக்குழாயில் ஓர் அடைப்பு, அதனால் நுரையீரலை எடுக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். கேன்சர் என்ற வார்த்தை அவர் காதுக்குப் போகவே இல்லை. சர்ச்சிலின் டாக்டர் மோரன் மட்டும், அறிக்கையில் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்று யோசித்தே விஷயத்தை ஊகித்துவிட்டார்.

எனக்கு இதில் உறுத்துவது அடுத்த மாதம் நடந்தது. மகள் எலிசபெத்தும் கணவரும் அக்டோபரில் கனடா சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். வழியில் அப்பா இறந்துவிட்டால் அவர் பட்டமேற்பதற்கான காகிதங்களை அவருடைய செயலாளர் கூடவே கொண்டுபோனார். அதாவது, அப்பாவின் சாவுக்கு எல்லா ஏற்பாடும் தயார். ஏற்பாட்டில் இல்லாத ஒரே ஆள் அந்த அப்பாதான். 1952 ஜனவரி 31 அன்று மகளை வழியனுப்ப அவரே விமான நிலையம் வந்தார். பிப்ரவரி 6 அதிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 56. மகள் அப்போது கென்யாவில்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கப்பா. மூன்று மாத இருமல். ஊரில் முதலில் டிபி என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தார்கள் (நம்ம ஊரில் இது சகஜம், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்). பிறகு சிடி, பயாப்ஸி. அடினோகார்சினோமா, நுரையீரலைச் சுற்றி நீரும் கோத்திருந்தது. ரிசல்ட் முதலில் என் கைக்குத்தான் வந்தது. அன்று சாயங்காலமே பெரியப்பா போன். "தம்பி, அவன்ட்ட சொல்லிராத. மனசு ஒடிஞ்சா மருந்து ஏறாது." அம்மா அதற்குள் நிமோனியா என்று சொல்லி வைத்துவிட்டாள். அத்தை மட்டும், "அவரு உடம்பு, அவருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லலை.

இந்த மறைக்கிற பழக்கத்தை நம்ம ஊர்ப் பாசம் என்றே நான் நினைத்துவந்தேன். அப்படி இல்லை. 1961இல் சிகாகோவில் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்த 219 டாக்டர்களிடம் ஓக்கன் என்பவர் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் நோயாளியிடம் கேன்சர் என்று சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அதே மாதிரிக் கேள்விகளோடு வேறொரு ஆய்வு. இந்த முறை 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருஷத்தில் தலைகீழ். டாக்டர்கள் திடீரென்று தைரியசாலிகள் ஆகிவிட்டதாக நான் நம்பவில்லை. கையில் கொடுக்க மருந்து வந்தது, கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டிய சட்டமும் வந்தது. கொடுக்க ஒன்றும் இல்லாதபோது மௌனம்தான் மருந்தாக இருந்திருக்கிறது.

நுரையீரல் புற்றுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1912இல் ஐசக் அட்லர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியபோது, இவ்வளவு அரிதான நோய்க்கு ஒரு நூல் தேவையா என்ற தயக்கத்தோடுதான் எழுதினார். உலகம் முழுக்கத் தேடி அவர் திரட்டியது 374 கேஸ். 1950இல் டால், ஹில் இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் 709 நோயாளிகளை விசாரித்து சிகரெட்டோடு முடிச்சுப் போட்டார்கள். அதிலிருந்து இந்த நோயோடு ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டது. அப்பா சிகரெட்டை விட்டு இருபது வருஷம். ஆனாலும் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்காருமுன் கேட்பது அதைத்தான்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். அக்காவோ தங்கையோ புற்றுநோயில் துடித்துச் சாவதைப் பார்த்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த வேதனையில் பல வருஷம் அலைந்து 1954இல் அடையாறில் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தான். நோயின் பெயரை வாசலிலேயே எழுதிவைத்த ஆஸ்பத்திரி அது. எங்க ஊரில் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'அடையாறுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க' என்பார்கள். ஊருக்கே புரியும்.

சட்டமும் இப்போது தெளிவாகத்தான் இருக்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்கு, வேறு யார் சம்மதமும் ஈடாகாது என்றது கோர்ட். பெற்ற தாயே ஆனாலும்.

நான் இதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கோர்ட்டா வந்து அவன் பக்கத்துல ராத்திரி படுக்கப் போகுது?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவருடைய பயம் பொய்யில்லை.

கடைசியில் டாக்டர்தான் வழி பண்ணினார். எங்களை ஒன்றும் கேட்காமல் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்? எல்லாமா, இல்ல பையன்ட்ட பேசிக்கட்டுமா?" என்றார். அப்பா கொஞ்சநேரம் ஃபேனைப் பார்த்தார். "சொல்லுங்க சார். நிலத்துப் பட்டா, பேங்க் கணக்கு எல்லாம் என் ஒருத்தன் பேர்லயே கிடக்கு." டாக்டர் சொன்னார். அப்பா இரண்டு கேள்வி கேட்டார். மருந்து மாத்திரையா ஊசியா, ஒரு மாசத்துக்கு எவ்வளவு ஆகும். பிறகு என்னிடம் திரும்பி, வீட்டில் பீரோ மேல்தட்டில் இருக்கிற பச்சை ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.