ஐங்கோணியும் அடுக்களையும்

கணிதம் என்றதும் பரீட்சை மண்டபத்தையும் கரும்பலகையையும் நினைப்போர் பலர். ஓய்வுவேளையின் இன்பத்துக்காக அதனைப் பயில்வோரும் உளர். அவ்வாறு பயின்றவர்களுள் சிலர், அறிஞர்கள் முடிந்ததெனக் கருதிய வேலையை மீண்டும் தொடக்கி வைத்திருக்கின்றனர். தளத்தை ஐங்கோணிகளால் நிரப்பும் பிரச்சினையின் வரலாறு அத்தகையது.

பிரச்சினை மிக எளியது. ஒரே வடிவமும் ஒரே அளவும் கொண்ட கற்களை நிலத்திற் பதிக்க வேண்டும். கற்களுக்கிடையே வெளி இருத்தலாகாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலும் ஆகாது. எவ்வடிவங்கள் இதற்கு உதவும்? சதுரத்தின் கோணம் 90 பாகை. நான்கு சதுரங்கள் ஒரு புள்ளியிற் கூடினால் 360 பாகை நிறைவுறும். சமபக்க முக்கோணியின் கோணம் 60 பாகை. ஆறு முக்கோணிகள் போதும். ஒழுங்கான அறுகோணியின் கோணம் 120 பாகை, மூன்று போதும். தேன்கூடு இதற்குச் சான்று. ஒழுங்கான ஐங்கோணியின் கோணமோ 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324 பாகையாகும். எஞ்சிய 36 பாகை வெளியில் நான்காவது கல் நுழையாது.

எனினும் பக்கங்களும் கோணங்களும் சமமாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனையைத் தளர்த்தினால் நிலைமை மாறுகின்றது. சதுரத்தின்மேற் கூரை வைத்த வீட்டின் வடிவமும் ஓர் ஐங்கோணியே. அத்தகைய வீடுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் கூரைகளுக்கிடையே மற்றொரு வரிசையைத் தலைகீழாகப் பொருத்தினால் வெளியேதும் எஞ்சாது. ஆகவே சில ஐங்கோணிகள் தளத்தை நிரப்பும், சில நிரப்பா. உட்குழிவு இல்லாத ஐங்கோணிகளுள் நிரப்புவன எத்தனை வகை என்பதே வினா. முக்கோணிகளும் நாற்பக்கல்களும் எவையாயினும் நிரப்பும். உட்குழிவு இல்லாத அறுகோணிகளில் மூன்று வகைகளே நிரப்பும். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட பக்கங்களையுடையவை, உட்குழிவு இல்லாதனவாயின், நிரப்பவே மாட்டா. ஐங்கோணி ஒன்றே கணிதருக்கு அடங்காது நின்றது.

1918ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கால் றைன்ஹாட் ஐந்து வகைகளைக் கண்டறிந்தார். அரை நூற்றாண்டின் பின், 1968இல், அமெரிக்காவைச் சேர்ந்த றிச்சட் கேர்ஷ்னர் மேலும் மூன்றைச் சேர்த்து, எட்டு வகைகளுடன் பட்டியல் நிறைவுற்றதென அறிவித்தார். அதற்கான நிறுவலை அவர் வெளியிடவில்லை. ஆயினும் அறிஞர் உலகம் அக்கூற்றை ஏற்றுக்கொண்டது.

அக்கதவைத் திறந்தது ஒரு சஞ்சிகையாகும். மாட்டின் காட்னர் என்பவர் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையிற் கணித விளையாட்டுகள் பற்றி ஏறக்குறையக் கால் நூற்றாண்டு காலம் எழுதிவந்தார். அவர் பயின்றது மெய்யியல். கணிதத்திற் பட்டம் பெற்றவரல்லர். ஒரு கருத்தைத் தாம் விளங்கிக்கொள்ளப் பட்ட பாட்டினாலேயே பிறருக்கு விளங்கும்படி எழுதும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. 1975 யூலை மாதம் அவர் ஐங்கோணிப் பிரச்சினையை எழுதினார். அதனை வாசித்த கணினித்துறையாளர் றிச்சட் ஜேம்ஸ் புதிய வகையொன்றைக் கண்டறிந்து அனுப்பினார். நிறைவுற்றதெனப்பட்ட பட்டியல் நிறைவுறவில்லை என்று அவ்வாண்டு திசெம்பர் மாதம் காட்னர் வாசகருக்கு அறிவித்தார்.

கலிபோர்ணியாவின் சன் டியேகோ நகரில் மாஜரி றைஸ் என்ற இல்லத்தரசி வாழ்ந்தார். ஐந்து பிள்ளைகளின் தாய். உயர்பாடசாலைக் கல்விக்கு மேல் அவர் கணிதம் கற்றதில்லை. மகனுக்காக வீட்டுக்கு வந்த சஞ்சிகையில் அவ்வறிவிப்பை வாசித்த அவர், தாமும் ஒன்றைத் தேடலாம் என எண்ணினார். நத்தார் காலத்து வீட்டுவேலைகளுக்கிடையே, ஆளில்லாத வேளைகளில் அடுக்களை மேசையிற் படங்களை வரைந்தார். யாரேனும் வந்தால் அவற்றை மூடி வைத்தார். கணிதரின் குறியீடுகளை அறியாமையால், கோணங்களும் பக்கங்களும் கொள்ளும் தொடர்புகளைக் குறிக்கத் தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டார்.

1976 பெப்ரவரியில் அவருடைய முதற் கண்டுபிடிப்பு காட்னருக்குக் கிடைத்தது. காட்னர் அதனைப் பென்சில்வேனியாவிற் கற்பித்துவந்த கணித அறிஞர் டொறிஸ் ஷற்ஸ்னைடருக்கு அனுப்பினார். முன்பின் அறியாத குறியீடுகளாலான அத்தாளை அவர் ஒதுக்கிவிடவில்லை. பொறுமையுடன் பொருள் கண்டு, முடிவு சரியென உறுதிசெய்தார். 1977 இறுதிக்குள் றைஸ் அம்மையார் மொத்தம் நான்கு புதிய வகைகளைக் கண்டறிந்தார். பட்டியல் பதின்மூன்றாயிற்று. அவர் அமைத்த கோலங்களுள் ஒன்று, 1999ஆம் ஆண்டில், வாஷிங்ரனிலுள்ள அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முன்மண்டபத் தரையிற் பதிக்கப்பட்டது.

1985இல் ஜேர்மனியைச் சேர்ந்த றொல்ப் ஸ்ரைன் பதினான்காவதைச் சேர்த்தார். முப்பது ஆண்டுகளின் பின், 2015இல், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றைச் சேர்ந்த மூவர் கணினியின் துணைகொண்டு பதினைந்தாவதைக் கண்டனர். 2017இல் பிரான்சின் மைக்கல் றாவோ, பதினைந்துக்கு மேல் இல்லை என்பதற்கான நிறுவலைக் கணினியின் உதவியுடன் வெளியிட்டார். மாஜரி றைஸ் காலமானதும் அவ்வாண்டிலேயே.

இங்ஙனம் கணினி வந்தமையால், ஓய்வுவேளைக் கணிதருக்கு இடமில்லாது போயிற்று எனக் கருதலாமோ? இங்கிலாந்தின் யோக்‌ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த டேவிட் சிமித், ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர். வடிவங்களோடு விளையாடுவது அவரது பொழுதுபோக்கு. 2022 நவம்பரில், வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருளொன்றில் பதின்மூன்று பக்கங்களையுடைய ஒரு வடிவத்தை அமைத்தார். அதன் போக்கு விந்தையாயிருக்கவே, மட்டைத்தாளில் பல பிரதிகளை வெட்டிக் கையால் அடுக்கிப் பார்த்தார். தளம் நிரம்பிற்று, ஆனால் கோலம் ஒழுங்காகத் திரும்ப வரவில்லை. எவ்வாறு அடுக்கினும் திரும்ப வராத கோலத்தை மட்டுமே தரும் கற்களை அறிஞர்கள் நெடுங்காலம் தேடிவந்தனர். 1966இல் றொபேட் பேகர் கண்ட தொகுதிக்கு 20,426 வகைக் கற்கள் தேவைப்பட்டன; 1970களில் றொஜர் பென்றோஸ் அதனை இரண்டாகக் குறைத்தார். ஒரே வகைக் கல்லால் இயலுமா என்பதே எஞ்சிய வினா. சிமித் தம் கண்டுபிடிப்பைக் கனடாவின் கிறெய்க் கப்லனுக்கு எழுதினார். மேலும் இரு அறிஞர்கள் சேர, 2023 மார்ச்சில் நிறுவல் வெளியாயிற்று. அவ்வடிவம் இன்று 'தொப்பி' என வழங்குகின்றது.

இவ்வரலாற்றில் மூவகையினர் பங்கு கொண்டுள்ளனர். கடினமான பொருளைப் பொதுமக்களின் கைக்கு எட்டச் செய்த எழுத்தாளர் ஒருவகை. பரிசும் பதவியும் கருதாது அதில் இன்புற்றவர் மற்றொருவகை. பட்டமில்லாதவரின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அறிஞர் மூன்றாம் வகை. இவர்களுள் ஒருவர் தவறியிருப்பினும் றைஸ் அம்மையாரின் தாள்கள் அடுக்களை மேசையிலேயே தங்கியிருக்கும். கணிதத்தில் விருப்பமுள்ள பிள்ளைகள் எல்லா வீடுகளிலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நல்ல நூல்கள் கிடைக்கச் செய்வதும், அவர்கள் தம் போக்கில் எழுதிக் கொண்டுவரும் தாளைப் பொறுமையுடன் வாசிப்பதும் மூத்தோரின் கடனாகும்.